கத்தியால் கடித்த நாய்

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தர் வந்தா போதும்னுதானே போன்ல சொன்னேன்?"

கதவைத் திறந்த பல் டாக்டரம்மா எங்களை வரவேற்ற அழகு இது. காலை பத்தே முக்கால் மணி.

"ஒருத்தர் துப்பறிவாங்க. இன்னொருத்தர் செருப்புக்குக் காவல்," என்றேன் நான்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் அண்ணியும் சிரிக்கவில்லை. அண்ணி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. இருபது வருஷம் தையல் கடை வைத்திருந்தவர். அளவு கொடுக்க வருகிற ஆட்கள் சொல்லும் பொய்களைக் கேட்டுக் கேட்டு ("இடுப்பு முப்பதுதான், எழுதிக்கோங்க") மனித குலத்தின் மேலேயே சந்தேகம் முற்றி, கடையை மூடிவிட்டுத் துப்பறியும் ஏஜென்சி ஆரம்பித்தார். டேப்பை மட்டும் இன்னும் கழுத்திலிருந்து இறக்கவில்லை. நான் அவருடைய உதவியாளன். நாற்பத்து மூன்று வயதில் வேறெங்கும் வேலை நிலைக்காமல்தான் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது உண்மை என்பதால்தான் எனக்கு எரிச்சல்.

வீட்டில் பாதி சாமான் அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தது. கூடத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் பெரிய பிளாஸ்டிக் கூண்டு, முன்னால் கம்பிக் கதவு. கூண்டுக்கு வெளியே வெறும் தரையில் பழுப்பு நிற நாய் ஒன்று, காதை மடக்கிப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது. எழுந்தால் என் தொடை உயரம் இருக்கும். நான் சோபாவுக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டேன்.

"பேரு என்ன?" என்றார் அண்ணி.

"ஜட்ஜ்."

புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடும்போதெல்லாம் நடுவில் வந்து உட்கார்ந்து, ரெண்டு மூஞ்சியையும் மாறி மாறிப் பார்க்குமாம். அதனால் அந்தப் பெயர். எட்டு மாதமாக அதற்குக் கேஸ் எதுவும் வரவில்லை. புருஷன் வீட்டை விட்டுப் போய்விட்டார். இப்போது ரெண்டு பேரும் வக்கீல்கள் மூலமாக மட்டும்தான் பேசிக்கொள்கிறார்கள்.

"சாயங்காலம் எனக்கு பிளைட்," என்றார் டாக்டரம்மா. "வெளிநாட்டுல வேலை. நாயை மூணு மணிக்குள்ள கார்கோ கவுண்டர்ல ஒப்படைக்கணும். அங்கே கூண்டையும் பார்ப்பாங்க, நாயையும் பார்ப்பாங்க. எல்லாம் சரியா இருந்தாத்தான் ஏத்துவாங்க. வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டா நாய் அந்தாளுக்கு. நிரந்தரமா. அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"நாய் போகலேன்னா நீங்க?"

"நானும் போக மாட்டேன். இவனை அந்தாள்கிட்ட விட்டுட்டு எனக்கு வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

சமையலறையில் ஒரு பாத்திரம் டமாலென்று விழுந்தது. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"அப்போ நாய்க்கு ரெண்டு ஓனர்," என்று நான் குறிப்பேட்டில் எழுதப் போனேன்.

"ஓனர் நான் ஒருத்திதான். பேப்பர்ல இருக்கு. அடிச்சு எழுதுங்க."

எழுதவே இல்லாததை எப்படி அடிப்பது? இருந்தாலும் ஒரு கோடு போட்டேன். பல் பிடுங்குகிற ஆளிடம் வாய் கொடுக்கக் கூடாது.

டாக்டரம்மா கூண்டைக் காலால் தட்டிக் காட்டினார். "பதினோரு கடை ஏறி இறங்கி ஒரு கூண்டு எடுத்தேன். நாலு பக்கமும் காத்து வரணும். பிளாஸ்டிக் கிளிப் கூடாது, இரும்பு நட்டு போல்ட்டு இருக்கணும். சக்கரம் கூடாது. கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணி ஊத்த முடியணும். எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினேன். ஆறு வாரமா அதுக்குள்ள வெச்சுத்தான் சோறு போட்டேன், பயம் தெளியணும்னு. அதுக்குள்ளயே தூங்கப் பழகிட்டான். நேத்து கிளினிக் போயிட்டு வந்து பார்த்தா வெளியே படுத்திருக்கான். காலையிலதான் கவனிச்சேன். இது என் கூண்டு இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"அலமாரிக்கும் சுவருக்கும் நடுவுல கச்சிதமா நின்ன கூண்டு, இப்போ நுழையல. அதே கம்பெனி, அதே கலரு, ஒரு சைஸ் பெருசு. பெருசானா ஏத்த மாட்டாங்கல்ல? அதுக்குத்தான் மாத்தியிருக்காரு என் முன்னாள் புருஷன். நான் போட்டிருந்த ஸ்டிக்கர், பேர் அட்டை எல்லாத்தையும் பிய்ச்சு இதுல ஒட்டியிருக்கான் மனுஷன். இந்த மூலையில ஜட்ஜ் கடிச்ச தழும்பு இருந்துச்சு. அதைக்கூட விடல, செஞ்சு வெச்சிருக்கான்."

அண்ணி மண்டிபோட்டு அந்தத் தழும்பை நகத்தால் தடவினார். "தம்பி, நாய் எதால கடிக்கும்?"

"பல்லால. வசதிப்பட்டா என் காலை."

"இந்த நாய் ரொட்டி அறுக்கிற கத்தியால கடிச்சிருக்கு."

குனிந்து பார்த்தேன். பல் பட்ட இடம் தாறுமாறாக இருக்கும். இது நாலு கோடு, நாலும் ஒரே நேர், ஒரே ஆழம். ஒவ்வொரு கோட்டிலும் ரம்பப் பல்லின் சின்னச் சின்ன நெளிவு.

அண்ணி கூண்டுக்குள் கையை விட்டு, விரித்திருந்த பழைய போர்வையை வெளியே இழுத்தார். ஓரத்தில் வேறு கலரில் நாலு விரல் அகலத்துக்கு ஒட்டுத்துணி வைத்துக் கைத்தையல் போட்டிருந்தது. பல் டாக்டர் வீட்டு நாய்க்கு ஒட்டுப் போட்ட போர்வையா, சம்பாதிக்கிற காசெல்லாம் எங்கே போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி அந்தத் தையல் மேல் கட்டைவிரலை வைத்து ஓட்டிவிட்டு, போர்வையைத் திரும்ப விரித்தார்.

"நேத்து வீட்ல யாரு இருந்தா?"

"எங்கம்மா."

பேர் சொன்னதும் அம்மா வந்தார். அறுபத்தைந்து வயசு இருக்கும். இடது கையால் டீ டம்ளர்களைக் கொண்டுவந்து மேஜையில் ணங்கென்று வைத்தார். "சர்க்கரை இல்ல. வீட்டைக் காலி பண்றவ வீட்ல சர்க்கரை எங்கேருந்து வரும்?"

"நேத்து உங்க மருமகன் வந்தாராம்மா?" என்றார் அண்ணி.

"அந்தாளா? வாசப்படி மிதிச்சா காலை ஒடிச்சுடுவேன்னு அவருக்கே தெரியும். நான் மத்தியானம் தூங்கிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பூட்டு மாத்தியாச்சுன்னு போன்ல சொன்னீங்க. உடைக்கவும் இல்ல. அப்புறம் எப்படி வந்தார்?" என்றேன்.

"டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கிற ஆளு. சாவியை உள்ள விட்டுப் பூட்டிட்ட காரையெல்லாம் ஸ்கேலை விட்டுத் திறப்பார். என் வீட்டுக் கதவு எம்மாத்திரம்?" டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "யாரு, எப்படின்னு எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது என் கூண்டு. ஒரு மணிக்குள்ள இங்கே இருக்கணும். முடியுமா, முடியாதா?"

"முடியும்," என்றார் அண்ணி.

கீழே இறங்கியதும் அண்ணி என்னை வேனில் உட்காரச் சொல்லிவிட்டு, தள்ளிப் போய் யாருக்கோ போன் போட்டு ரெண்டு நிமிஷம் பேசினார். யாருக்கு என்று கேட்டேன். "வண்டியை எடு" என்றார். கூடப் பிறந்தவன் பெண்டாட்டி, கேட்டால் பதில் வராது. எடுத்தேன்.

டிரைவிங் ஸ்கூல் என்பது ஓர் அறையும் ஒரு பின்கட்டும். வாசலில் பயிற்சிக் கார். அதன் ஜன்னலில் குனிந்து, நீல யூனிபார்ம் சட்டை போட்ட ஓர் ஆள் உள்ளே இருந்தவரைக் கிழித்துக்கொண்டிருந்தார். "கிளட்ச்சை மிதிங்கன்னா மிதிக்கணும். அது என்ன உங்க மாமனாரா, மரியாதை பார்க்கறீங்க?" அவர் இடுப்பில் பெரிய சாவிக் கொத்து. அசைந்தால் போதும், கலகலவென்று தெருவுக்கே கேட்கும்.

எங்களைப் பார்த்து, வந்த விஷயத்தையும் கேட்டதும் மூஞ்சி சுருங்கியது.

"அவ அனுப்பின ஆளுங்களா? வெளியே போங்க."

"வெளியேதான் நிக்கிறோம்," என்றேன். "உள்ளே கூப்பிட்டா வரோம்."

"எனக்கு எந்தக் கூண்டும் தெரியாது. எதுவா இருந்தாலும் வக்கீல் மூலமாப் பேசச் சொல்லுங்க. மூணு லெட்டர் போட்டேன், ஒண்ணுக்காவது பதில் போட்டாளா மகராசி?"

"என்ன லெட்டர்?" என்றார் அண்ணி.

"அவளையே கேளுங்க. படிச்சிருந்தா சொல்லுவா."

அண்ணி அவரைத் தாண்டி அறை வாசலுக்குப் போய்விட்டார். கதவு நிலையில் பென்சிலால் கோடு கோடாக இழுத்திருந்தது. ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தேதி. அடிக்கோடு தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. அண்ணி டேப்பை இறக்கி உச்சிக் கோட்டுக்குப் பிடித்தார். "இருபத்தெட்டரை இன்ச். இது யாரு?"

"முன்னாடி குடியிருந்தவங்க பிள்ளை."

நான் தேதிகளைப் பார்த்தேன். "ஏழு வருஷத்துல இருபத்தெட்டரை இன்ச்சுதான் வளர்ந்துச்சா? டாக்டர்கிட்ட காட்டினாங்களா இல்லையா?"

அவர் என்னை முறைத்தார். சாவிக் கொத்து கலகலத்தது. முறைக்கிறவனிடம் எனக்கு ஒரு பழக்கம் உண்டு, அவன் எந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கிறானோ அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பேன். இவர் வாசலைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்கட்டை மட்டும் பார்க்கவே இல்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனேன். வண்டி ஓட்டிப் பழக வைக்கும் ஆரஞ்சுக் கூம்புகள், பழைய டயர், ஒரு தார்ப்பாய். தார்ப்பாயைத் தூக்கினால் சாம்பல் நிறக் கூண்டு. மூலையில் கடித்த தழும்பு, தாறுமாறாக, நிஜப் பல்லால்.

"சிக்கிட்டீங்களே சார்," என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கூண்டையே பார்த்தார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

"எடுத்துட்டுப் போங்க. அவ கேட்டதைக் கொண்டுபோய்க் குடுங்க. எனக்கு லாபம்தான்."

"லாபம்னா எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?" என்றார் அண்ணி.

"கிளாஸுக்கு நேரமாச்சு. இடத்தைக் காலி பண்ணுங்க."

வேனில் கூண்டை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நான் விசிலடித்துக்கொண்டே ஓட்டினேன். பன்னிரண்டே கால்தான் ஆகியிருந்தது. அண்ணி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"கேஸ் முடிஞ்சுதே அண்ணி. ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"அந்தாளுக்கு நாய் வேணும். நாய் கிடைக்கணும்னா நேத்து அவர் என்ன செஞ்சிருக்கணும்?"

"கூண்டை மாத்தியிருக்கணும். மாத்திட்டாரு."

"நல்லா யோசி."

நாலு சிக்னல் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. யோசிக்கத்தான் அவருக்குச் சம்பளம் என்று விட்டுவிட்டேன்.

பழைய கூண்டைக் கூடத்தில் இறக்கி, போர்வையை அதில் மாற்றிப் போட்டதும், ஜட்ஜ் தானாக எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. டாக்டரம்மாவின் முகத்தில் அப்போதுதான் முதன்முதலாகப் பல் தெரிந்தது. "பார்த்தீங்களா? இதுதான் இவன் கூண்டு. அந்தாள் மேல ஒரு கேஸும் போடப் போறேன். வீடு புகுந்து திருடின கேஸ்."

"ஒரு நிமிஷம்," என்றார் அண்ணி. "கூண்டு வாங்கும்போது நாயை அளந்த சீட்டு இருக்கா?"

டாக்டரம்மா சலித்துக்கொண்டே கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மூக்கிலிருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் நீளம், தோள் அகலம், நிற்கும்போது உயரம். எல்லாம் அழகாக எழுதியிருந்தது.

"உயரம் இருபத்தாறு. எப்படி அளந்தீங்க?"

"நிக்க வெச்சுத்தான். உட்கார வெச்சு அளக்கிற முட்டாள் நான் இல்ல. ஒரு கையால காதைத் தடவிக்கிட்டே இன்னொரு கையால அளந்தேன். அசையாம நின்னான். கூண்டுக்கு உள் உயரம் இருபத்தேழு. ஒரு இன்ச்சு மிச்சமே இருக்கு."

"காது மடங்கியிருந்துச்சு."

"இவன் காது எப்பவும் மடங்கித்தான் இருக்கும்."

"உங்ககிட்ட," என்றார் அண்ணி. என் பக்கம் திரும்பினார். "தம்பி, டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு. நீ வாயைத் திறக்காதே."

நான் வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தும் சொன்னார். போன் மணி அடித்தது. எடுத்தார்கள்.

"ஹலோ," என்றது அந்த எரிச்சல் குரல். பின்னணியில் சாவிக் கொத்து கலகலத்தது. "ஹலோ? யாருங்க அது?"

கூண்டுக்குள் ஜட்ஜ் துள்ளி எழுந்தது. நாலு காலையும் ஊன்றி நின்றது. மடங்கிக் கிடந்த ரெண்டு காதும் விறைத்து மேலே போயின, போய்க் கூண்டுக் கூரையில் முட்டின. நுனி ரெண்டும் பக்கவாட்டில் வளைந்து நின்றன. அது தலையைச் சாய்த்துப் பார்த்தது, இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தது. காதுக்கு இடம் கிடைக்கவில்லை.

"பேசேன்டா. போன் பண்ணிட்டு மூச்சு விட்டுட்டு இருக்கான்," என்று சொல்லி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

நாய் இன்னும் போனையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இருபத்தெட்டரை," என்றார் அண்ணி. "அவர் கடைக் கதவு நிலையில இவன் உயரத்தை வருஷா வருஷம் பென்சில்ல கோடு போட்டு வெச்சிருக்கார். இந்த வீட்ல இவன் காதைத் தூக்கறது அவர் சத்தம் கேட்டாத்தான். அதனால உங்களுக்கு மட்டும் ரெண்டரை இன்ச் குறைவாத் தெரிஞ்சிருக்கு. கார்கோ கவுண்டருக்குக் காலையிலயே போன் பண்ணிக் கேட்டேன். ஒரு சைஸ் பெருசா இருந்தா பரவாயில்லையாம், ரசீதை மாத்திக்கலாமாம். காது கூரையில இடிச்சா மட்டும் ஏத்த மாட்டாங்களாம். அங்கே வண்டிச் சத்தம், ஆள் சத்தம். எந்த நாய் காதை மடக்கிட்டு நிக்கும்?"

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அந்தாளுக்கு நாய் வேண்டுமென்றால் நேற்று ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தால் போதும்.

டாக்டரம்மா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "மூணு லெட்டர் போட்டார். கூண்டு சின்னது, வக்கீல் அனுப்பின படத்தைப் பார்த்தாலே தெரியுது, மாத்துன்னு. வக்கீல் படிச்சுக் காட்டினார். என்னைக் குழப்பறதுக்காகச் செய்ற தந்திரம்னு கிழிச்சுப் போடச் சொன்னேன்." சட்டென்று நிமிர்ந்தார். "சரி. வீட்டுக்குள்ள எப்படி வந்தார்?"

"வரவே இல்ல," என்றார் அண்ணி. "கீழே வரைக்கும் கொண்டுவந்து குடுத்திருப்பார். கெடுக்க வந்தவன் நாய்ப் போர்வைக்கு ஒட்டுப் போடுவானா? கூண்டு பெருசானதும் போர்வை பத்தல. நாலு விரல் குறைஞ்சிருக்கு. நாய்க்குத் தரை சில்லுனு இருக்கக் கூடாதுன்னு யாரோ உட்கார்ந்து தைச்சிருக்காங்க. தையல் எல்லாம் எதிர்ப் பக்கமாச் சாயுது. இடது கைக்காரங்க தையல். இந்த வீட்ல இடது கையால டீ வைக்கிறவங்க ஒருத்தர்தான். ரொட்டிக் கத்தியும் அவங்க சமையலறையிலதான் இருக்கு. அவங்களைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் அந்தாள் எங்ககிட்ட வாயைத் திறக்கல."

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தார்.

"அம்மா. நீயா?"

"நான்தான். என்ன இப்போ?"

"அந்தாளோட சேர்ந்து என் முதுகுக்குப் பின்னாடி..."

"முன்னாடி சொன்னேனேடி. போன மாசம் ஒரு வார்த்தை சொன்னேன், கூண்டு சின்னதாத் தெரியுதுன்னு. நீ என்ன கேட்ட? எவ்வளவு நாளா அந்தாளு உன் காதுல ஓதிட்டு இருக்கான்னு கேட்ட. அன்னிக்கு வரைக்கும் நான் அவர்கிட்ட பேசினதே இல்ல. அதுக்கப்புறம்தான் நானே போன் பண்ணினேன்."

"நீ பேசாம இருந்திருந்தா இன்னைக்கு நாயைத் திருப்பி அனுப்பியிருப்பாங்க. நான் இங்கேயே இருந்திருப்பேன். ரெண்டு வருஷமா போகாதே போகாதேன்னு உயிரை வாங்கினியே, உனக்கு அதுதானே வேணும்?"

"ஆமா. அதுதான் வேணும்," என்றார் அம்மா. குரல் ஏறவே இல்லை. "மூணு வாரம் வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். கவுண்டர்ல வேண்டாம்னு சொல்லி நாயைத் திருப்பிக் குடுப்பான், அப்போ உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நினைச்சேன். அந்த மூஞ்சியோட நீ என் கூட இருந்து நான் என்ன பண்றது? போ. போய்த் தொலை."

சொல்லிவிட்டு உள்ளே போனார். குழாயைத் திறந்து விடும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் வரவில்லை.

மணி ஒன்று இருபது. புதுக் கூண்டைத் திறந்து வைத்து, போர்வையை மறுபடி மாற்றினோம். ஜட்ஜ் உள்ளே போகவில்லை. ஆறு வாரம் பழகிய கூண்டு வேறு, இது வேறு. டாக்டரம்மா பிஸ்கட் வைத்தார். கெஞ்சினார், பின்னாலிருந்து தள்ளினார். நாய் நாலு காலையும் பரப்பிக்கொண்டு தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. நான் உதவிக்குப் போனேன். ஒரு உறுமல் உறுமியது. உதவி போதும் என்று திரும்பிவிட்டேன்.

ஒன்று முப்பத்தைந்து. அண்ணி டேப்பைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அந்த டேப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து, எட்டு மாதமாகத் தடுத்து வைத்திருந்த ஒரு நம்பரைத் திறந்தார்.

"நான்தான்."

"தெரியுது," என்றது அந்தக் குரல்.

"உள்ளே போக மாட்டேங்கறான்."

அந்தப் பக்கம் சாவிக் கொத்து கலகலத்தது. "பூட்டு மாத்திட்டியாமே."

"பெல் இருக்கு. அடி."

பத்தே நிமிஷத்தில் பெல் அடித்தது. மாமியார்தான் திறந்தார். "காலை ஒடிப்பேன்னு சொல்லியிருந்தேனே," என்றார்.

"அப்புறமா ஒடிங்க," என்று அவர் உள்ளே வந்தார். நாய் அவர் மேல் பாய்ந்து மூஞ்சி முழுக்க நக்கியது. அவர் கொஞ்சவில்லை. கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மேலே கீழே பார்த்து, ஒவ்வொரு நட்டாகத் திருகிப் பார்த்தார்.

"உனக்கு நாய் வேணும்னுதானே இவ்வளவு நாள் சண்டை போட்ட?" என்றார் டாக்டரம்மா. "சும்மா இருந்திருந்தா கிடைச்சிருக்குமே."

"திருப்பி அனுப்புவாங்கன்னு என்ன நிச்சயம்? எவனாவது தூக்கக் கலக்கத்துல சரின்னு ஏத்தி விட்டுட்டா? பதினாலு மணி நேரம் காதை மடக்கிக்கிட்டு இவன் நிக்கணும். நீ மேலே சீட்ல தூங்கிட்டுப் போவ."

"நான் தூங்குவேன்னு நினைக்கிறியா?"

"உன்னைப் பத்தி நினைக்கிறதை நான் எப்பவோ விட்டாச்சு."

ஜட்ஜ் ரெண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. இந்த மூஞ்சியைப் பார்த்தது, அந்த மூஞ்சியைப் பார்த்தது. எட்டு மாதம் கழித்து அதற்கு ஒரு கேஸ். ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர் எழுந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். காலையிலிருந்து வெயிலில் நின்று கத்திய சட்டை, முதுகெல்லாம் வேர்வை. அதைக் கழற்றி, ஒட்டுப் போட்ட போர்வை மேல் விரித்தார். ஜட்ஜ் மோந்து பார்த்தது. ஒரு கால் வைத்தது. இன்னொரு கால். முழுசாக உள்ளே போய், மூணு சுற்றுச் சுற்றி, சட்டைமேல் மூக்கை வைத்துப் படுத்தது. அவர் சாவிக் கொத்தை ஒரு முறை ஆட்டினார். எழுந்து நின்றது. காது விறைத்தது. கூரைக்கும் காதுக்கும் நடுவில் அண்ணி ரெண்டு விரலைச் செருகிப் பார்த்தார். தாராளமாகப் போனது.

அவர் கதவைச் சாத்தி, கம்பிக்குள் விரலை விட்டார். நாய் நக்கியது. "கேஸ் முடிஞ்சுதுடா. போயிட்டு வா," என்றார்.

பனியனோடு வாசலுக்குப் போனவர் திரும்பாமலே சொன்னார். "அந்தச் சட்டையைத் திருப்பி அனுப்பாதே. வக்கீல் லெட்டரோட வந்து நிக்கும்."

"உன்கிட்ட வாங்கினது எதைத்தான் நான் திருப்பிக் குடுத்திருக்கேன்?" என்றார் டாக்டரம்மா.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பனியனோடு பயிற்சிக் காரில் ஏறி உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்துத்தான் வண்டி கிளம்பியது. கிளம்பும்போது ஒரு தடவை நின்றுபோய், மறுபடி ஸ்டார்ட் ஆனது. ஊருக்கே கிளட்ச் சொல்லிக் கொடுக்கிற ஆள்.

கார்கோ கவுண்டரில் மணி ரெண்டு ஐம்பது. ஒரு பக்கம் பெட்டி தூக்கும் வண்டிகள் பீப் பீப் என்று பின்னால் வந்துகொண்டிருந்தன. ஜட்ஜின் காது ரெண்டும் கம்பமாக நின்றன. அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கூண்டை ஒரு சுற்றுச் சுற்றினார். காற்றுத் துளை பார்த்தார், போல்ட்டு பார்த்தார், தண்ணிக் கிண்ணம் பார்த்தார். காதுக்கு மேலே ஸ்கேலை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். ரசீதில் அளவை மாற்றி எழுதி முத்திரை குத்தினார்.

"உள்ளே என்ன துணி?" என்றார் அதிகாரி, படிவத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"போர்வை. எங்கம்மா தைச்சது. அதுக்கு மேல ஒரு சட்டை."

"ஓனர் போட்டிருந்த துணி ஒண்ணு வைக்கலாம். வேற ஆள் துணின்னா எடுத்துடணும். சட்டை உங்களோடதா?"

டாக்டரம்மா கூண்டுக்குள் பார்த்தார். நீலச் சட்டையின் காலருக்குள் ஜட்ஜ் மூக்கை நுழைத்து வைத்திருந்தது.

"இல்ல," என்றார். "இன்னொரு ஓனரோடது."

அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார்.